நான்காம் மாடிக் கட்டு

சாரம் கட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று மேஸ்திரியே சொல்வார். அப்பேர்ப்பட்டவன் அன்று செய்த காரியத்துக்கு அவனை எதைக்கொண்டு அடிப்பது?

நான்காம் மாடி ஜன்னல்கள் வழியாகக் கிளாம்பு போட்டுத்தான் சாரத்தைக் கட்டிடத்தோடு பிடித்து நிறுத்தியிருந்தான். ஜன்னல் சட்டம் பொருத்த வேண்டும் என்று தச்சர் கேட்டதும் அந்தக் கட்டுகளைக் கழற்றினான். டீ குடித்துவிட்டு வந்து, சுவரில் துளையிட்டு வேறு கட்டுப் போடுவதாக நினைப்பு. டீக்கடையில், அதே கட்டிடத்தில் பெயிண்ட் அடிக்கும் மனைவியோடு வாய்த்தகராறு. ஊரே பார்க்க, "உங்கப்பா குடிச்சே செத்தவர்தானே!" என்று சொல்லித் தொலைத்தான். அவர் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் டீயை அப்படியே வைத்துவிட்டுச் சாரத்தில் ஏறிவிட்டாள். இவனும் முறுக்கிக்கொண்டு பின்பக்க வேலைக்குப் போனான். கட்டு அடியோடு மறந்துபோனது.

மதியம் காற்று கிளம்பியது. முன்பக்கம் வந்து அண்ணாந்து பார்த்தான். மேலே போர்த்தியிருந்த பச்சை வலை காற்றில் புடைக்க, சாரம் சுவரைவிட்டு ஒரு சாண் விலகி நின்றது. உச்சியில் அவள் மட்டும். சாரம் ஆடுவது அவளுக்குப் புதிதல்ல, தன் பாட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள்.

கீழே நின்றவர்களை விரட்டிவிட்டு மாடிப்படிகளில் விழுந்தடித்து ஓடினான். நான்காம் மாடியில் வெறும் சட்டமாக நின்ற ஜன்னலில் தலையை நீட்டினான். பலகையின் கோடியில் அவள் முதுகைக் காட்டி நின்றாள். உண்மையைச் சொன்னால் பதறி ஓடிவருவாள். அந்த அதிர்வே போதும், எல்லாம் முடிந்துவிடும்.

"இங்க கொஞ்சம் வாயேன்."

"வேலை இருக்கு."

குழாய்கள் முனகின. கடவுளே, இவள் பிடிவாதம் அவனுக்குத் தெரியாதா!

"நான் சொன்னது தப்புதான். உங்கப்பாவை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிடும்மா. மெதுவா வா, என் கையைப் பிடிச்சுக்கோ."

கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் வராத சொல். அவள் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. பிரஷ்ஷை வாளியில் வைத்துவிட்டு நிதானமாக நடந்து வந்தாள்.

மணிக்கட்டைப் பற்றி உள்ளே இழுத்துப் போட்டான். இருவரும் தரையில் உருண்டார்கள். வெளியே சாரம் மெல்லச் சாய்ந்து, பிறகு மொத்தமாகச் சரிந்தது. கட்டிடமே அதிர்ந்தது.

தூசி அடங்கியபோது அறை மூலையில் கிடந்த கிளாம்புகளை அவள் பார்த்தாள்.

"கழட்டினது நீங்கதானா?"

தலையசைத்தான்.

"நான் கீழ நின்னிருந்தா மன்னிப்பு கேட்டிருப்பீங்களா?"

பிடித்திருந்த மணிக்கட்டை அவன் இன்னும் இறுக்கினான். அவள் தன் கையை விடுவித்துக்கொண்டாள்.