நெஞ்சுக்குள் வைத்த பெட்டி

நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்த மார்க்கண்டருக்கு இதயத் துடிப்பு குறைந்து குறைந்து மயக்கம் வரும். எண்பத்தெட்டாம் ஆண்டு கொழும்பில் அவருக்குப் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இடது காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒரு வயர் இதயத்துக்குள் போனது.

பக்கத்துக் கட்டிலில் கிடந்த பிலிப்பு ஒருநாள் தணிந்த குரலில் சொன்னான்: "செத்த ஆக்களிட்டைக் கழட்டின பெட்டியளையும் பூட்டுறாங்களாம் அண்ணை."

ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு மார்க்கண்டரை விடவில்லை. பெட்டியின் இலக்கம் எழுதிய அட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒரு எண் அழித்து எழுதியதுபோல் பட்டது. சாப்பிட்டாலும், வாழைக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறினாலும் வலதுகை சட்டைக்குள் போய்விடும்.

"என்ன செய்யிறியள்?" என்றாள் மனைவி செல்வநாயகி.

"வேலை செய்யுதோ எண்டு பாக்கிறன்."

"தொட்டுப் பாத்தால் தெரியுமே?"

"உனக்கு உந்த ஆஸ்பத்திரிக்காரரைத் தெரியாது."

பெட்டி வைத்த ஐந்தாம் மாதம் இடது தோள் தானாகத் துடிக்கத் தொடங்கியது. பழைய பெட்டிதான், கரண்ட் கசிகிறது என்று முடிவு கட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்துவிட்டார். அடுத்த கிழமை வாய்க்காலோரம் மயங்கி விழுந்தார். செல்வநாயகி கார் பிடித்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டொக்டர் அற்புதராணி எக்ஸ்ரே படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வயர் பெட்டியைச் சுற்றிக் கயிறுபோல் முறுகிக் கிடந்தது. அதன் நுனி இதயத்தை விட்டுத் தோளருகே வந்திருந்தது.

"நான் அப்பவே சொன்னன், பழசைப் பூட்டிப்போட்டாங்கள்" என்றார் மார்க்கண்டர்.

"பெட்டியிலை பிழையில்லை ஐயா. ஆரோ தோலுக்கு மேலாலை அதைச் சுத்திச் சுத்தித் திருப்பியிருக்கினம். அதுதான் வயர் இழுபட்டிருக்கு. தோள் துடிச்சதும் அதாலைதான்."

மார்க்கண்டர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். "நான் நித்திரையிலை கிடக்கேக்கை நீ ஏதும் தொட்டனியோ?"

டொக்டரும் செல்வநாயகியும் பார்த்தது அவருடைய வலதுகையைத்தான். அது அப்போதும் சட்டைக்குள் இருந்தது.

கொழும்பில் புது வயர் போட்டு, பெட்டி அசையாமல் தசையோடு சேர்த்துத் தைத்தார்கள். பெட்டி அதேதான். மார்க்கண்டர் வேறு பெட்டி கேட்கவில்லை.

திரும்பி வரும்போது, பஸ் வவுனியாவைத் தாண்டியதும் அவர் மனைவியிடம் சொன்னார்.

"உன்னை அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது."

"ஓம்" என்றாள் செல்வநாயகி. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவரிடம் நீட்டினாள்.