தெளிந்ததைக் கொட்டியவர்

1

பகல் பன்னிரண்டு இருபது. 1971 ஆகஸ்ட் பத்து, செவ்வாய். பழைய புத்தகக் கட்டு ஒன்றில் கிடைத்த ஒரு சோதனைக் குறிப்பேட்டில், குடுவைக்கு ஒளி காட்டிய நேரமாக இது இருக்கிறது. ‘தெளிந்த நேரம்’ என்ற இடம் காலி. கதை அங்கிருந்து வந்தது. மற்றவை நான் போட்டவை.

முதல் தொடக்கம்: ‘காரைக்குடி வெயில் கல்லூரிச் சுவரில்...’ வேண்டாம். வெயிலுக்கு இதில் வேலை இல்லை.

2

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களில் ஒரு வகை, நுழைந்ததும் கொல்வதில்லை. அதன் மரபணு ஒன்று உண்டாக்கும் புரதம், கொல்லும் மரபணுக்களின் தொடக்கத்தில் உட்கார்ந்து அவற்றை அடக்குகிறது. பாக்டீரியா பிழைத்துப் பெருகுகிறது; குடுவை கலங்குகிறது. புற ஊதா ஒளி பட்டால் அந்தப் புரதம் செயலிழக்கிறது. அடங்கியிருந்தவை வரிசையாக இயங்குகின்றன. ஒன்றரை மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் வெடிக்கின்றன. கலங்கிய குடுவை தெளிகிறது.

(இதை ஒரு பேராசிரியர் சொல்வதாக எழுதினேன். கதைக்குள் அவருக்கு வேறு வேலை இல்லை. அடித்துவிட்டேன்.)

3

எம்.எஸ்ஸி. மாணவி லத்தீபா அன்றைய செய்முறைத் தேர்வுக்கு இப்படிக் கலங்கிய இரண்டு குடுவை வைத்தாள். ஒன்றுக்கு மட்டும் ஒளி காட்டினாள். அது தெளிவதைப் பார்த்து எழுதவேண்டிய நேரத்தில் அண்ணன் அமீர் ஹம்சா ஆய்வக வாசலுக்கு வந்து கூப்பிட்டான். இன்று தேறாவிட்டால் படிப்பு போதும் என்று அவன் சொல்லி முடிக்க அரை மணி ஆயிற்று. திரும்பினால், ஒரு குடுவை கழுவிக் கவிழ்த்திருந்தது. பக்கத்தில் ஆய்வகத் தற்காலிக ஊழியர் இருளாண்டி.

“எதக் கொட்டுனீக அண்ணே?”

“கலங்குனதத் தொடலையே தாயி. தண்ணியத்தேன் கொட்டுனேன்.”

“தண்ணியா?”

“பளிங்கு மாதிரில்ல இருந்துச்சு. குடிக்காம விட்டேனேன்னு சந்தோசப்படுங்க.”

அவள் சிரித்தாள் என்று எழுதினேன். பொய். பிறகு, தெளிந்ததுதான் சோதனையின் விடை என்று மெதுவாக விளக்கினாள். இருளாண்டி கவிழ்த்த குடுவையையே பார்த்தார்.

4

மறுபடி செய்யலாமே என்பீர்கள். இரண்டு மணி நேரம் வேண்டும். மதுரைத் தேர்வாளர் அடுத்த அறையில் உட்கார்ந்துவிட்டார். சோதனை பலித்தது, பார்த்தவர் இருளாண்டி ஒருவர்தான். அதைச் சொன்னால் கொட்டியதையும் சொல்லவேண்டும். போன மாதம் இப்படி ஒன்றைக் கொட்டிய இன்னொரு தற்காலிக ஊழியர் அக்கம்மாளை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

முடிவு அ: லத்தீபா, தானே பார்த்ததாக எழுதுகிறாள். எத்தனை மணிக்கு என்று போடுவாள்? அங்கேயே நின்றுவிட்டது.

முடிவு ஆ: தேர்வாளர் இருவரையும் மன்னிக்கிறார். அந்த மனிதரை எனக்குத் தெரியாது.

முடிவு இ எனக்கு வரவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளலாம். கதவு திறந்தது, லத்தீபாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். இருளாண்டி ஈரக்கையை வேட்டியில் துடைத்தார்.

“நானும் உள்ள வாரேன் தாயி. பாத்தேன்னு சொல்லிரவா?”