முக்கதவுப் பட்டயம்

அரசுகள் வாள்முனையில் பிறந்தன என்பார் அறியாதார். அவை எழுத்தாணி முனையிலேயே பிறந்தன. கல்லில் வெட்டியும் செம்பில் பொறித்தும் ஓலையில் கீறியும் மாந்தர் வழங்கிய பட்டயங்களே ஆறுகளைத் திருப்பின, கோட்டைகளை எழுப்பின, ஊர்களுக்குப் பெயர் தந்தன. அத்தகு பெரும் பட்டயங்களின் நிரலில் வைத்து எண்ணத்தக்க ஒன்று, நம் காலத்தில், கல்முனைச் சந்தைக் கட்டடத்தின் மேல்மாடியில் இயற்றப்பட்டது. அது மூன்று கதவுள்ள ஒரு கழிப்பறைக்காக இயற்றப்பட்டது.

கீழைக் கடல் தன் திரைகளைப் பாய்போற் சுருட்டிச் சுருட்டி மணலில் விரித்துக்கொண்டிருக்க, மேலைத்திசையிற் சவளக்கடை ஊருக்கு அப்பாலும் பரந்த நெல்வயல்கள் குடலைப் பருவத்துச் செருக்கோடு இளங்காற்றில் தலையசைக்க, அவ்விரு பெருவெளிகளுக்கும் இடையே அரைஞாண்போல் ஓடும் நெடுஞ்சாலையிற் கோமாரியூர்த் தேங்காயையும் அக்கரைப்பற்று ஆட்களையும் ஒருங்கே அடைத்துவந்த பேருந்துகள் ஊதி நிற்க, வைகறைத் தொழுகை முடித்தோர் தேநீர்க்கடைகளை நிறைக்க, கல்முனைச் சந்தை கண்விழிக்கும் பொழுதின் அழகைக் கற்றறிந்த நீர் கண்டிருப்பீர். அவ்வழகினுள் அமர்ந்திருக்கும் பெண்டிர் எவரும் தண்ணீர் பருகுவதில்லை என்பதைக் கண்டிருக்கமாட்டீர்.

சந்தையின் தென்மூலையில், கீரைக்கட்டுகளைப் பசுங்குன்றென அடுக்கி அமர்பவள் ஆகிலா. நாற்பத்திரண்டு அகவையினள், நாவன்மையில் அச்சந்தைக்கே தலைமகள். ஆயினும் விடியல் தொட்டு அந்திவரை ஒரு மிடறு நீரும் அவள் தொண்டையில் இறங்குவதில்லை. நோன்பன்று அது. ஆடவர்க்குப் பள்ளிவாயிலின் பின்கட்டும் தேநீர்க்கடைகளின் பின்கட்டும் திறந்து கிடக்க, அறுபது பெண்கள் விற்றுப் பிழைக்கும் அவ்விடத்தில் ஒரு பெண் ஒதுங்குதற்கு ஒரு கதவும் இல்லை. பதினோராண்டு இவ்வாறு காய்ந்ததன் விளைவாக அவளது சிறுநீரகத்திற் கல்லொன்று முளைத்துப் புளியங்கொட்டையளவு பருத்தது. நாளொன்றுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லையேல் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

“குடிக்கிறது லேசு டொக்டர். குடிச்சுப்போட்டு எங்க போற? கடலுக்கா?” என்று கேட்டுவிட்டு அவள் கீரைக்கட்டுகளிடம் திரும்பினாள்.

இந்நிலையில், பொதுவிடங்களில் இத்தகைய கட்டடங்களை எழுப்பித்தரும் அறநிறுவனம் ஒன்று அவ்வூர்ப்பக்கம் தன் கண்ணைத் திருப்பிற்று. அதன் களப்பணியாளன் றாஸிக் என்னும் இளைஞன், உந்துருளியில் வந்திறங்கி, ஆகிலாவிடமே முதலில் செய்தி சொன்னான். வேண்டுவதெல்லாம் ஒரு தாள். என்ன கட்டுவது, எங்கே கட்டுவது, யாருக்காகக் கட்டுவது, தொடங்குக என்று இசைவளிப்பவர் யார் என நான்கு வினாக்களுக்கு விடையெழுதி, சந்தை வணிகர் பேரவையின் தலைவர் கையொப்பமிட்டால் அதுவே தொடக்கப் பட்டயம். திங்களின் கடைசிப் புதன்கிழமை, பிற்பகல் நான்கு மணிக்குள் அது கிட்டாதேல், கல்லும் மணலும் கொத்தரும் அடுத்த ஊருக்குப் போய்விடுவர்.

அன்றைக்கே ஆகிலா தன் மகளின் பள்ளிக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதினாள்: “சந்தையில விக்கிற பொம்புளையளுக்குக் கக்கூசு வேணும். மீன்வாடிக்குப் பின்னால கிணத்தடியில இடம் இரிக்கி. மூணு கதவு, உள்ளுக்குக் கொண்டி. தலைவர் ஓம் என்டு சொல்றார், கட்டத் தொடங்குங்க.” எழுதி முடித்ததைக் கொண்டுபோய்ப் பேரவைத் தலைவர் பதியுதீன் ஹாஜியாரிடம் நீட்டினாள்.

ஹாஜியார் எத்தகையவர் எனின், முப்பத்துமூன்றாண்டு அரசப் பணியிற் கோப்புகளை மேசைக்கு மேசை நகர்த்தி, எதனையும் முடிக்காமலே ஓய்வுபெற்ற பெருந்தகை. கஞ்சியிட்ட வெண்சாரமும், மடிப்புக் குலையாத தொப்பியும், சட்டைப்பையில் மூன்று எழுதுகோல்களும் அவர்க்கு அணிகலன். அத்தாளின் நான்காஞ் சொல்லிலேயே அவர் புருவம் தொப்பியை முட்டிற்று.

“மகள், ஒரு திட்டம் என்பது பிள்ளை. பட்டயம் என்பது அதன் பிறப்புச் சான்று. பிறக்கு முன்னரே இப்படியா பெயரிடுவது?”

“நான் கேக்கிறது புள்ள இல்ல ஹாஜியார். கக்கூசு.”

“பொறுங்கள். செய்வன முறையாகச் செய்வோம்.”

முறை தொடங்கிற்று. ஐவர் கொண்ட குழு அமைந்தது. முதல் அமர்வின் பகலுணவு, இவ்வூர் முசுலிம்களின் வழமைப்படி, அறுவர் சூழ்ந்திருந்து ஒன்றாய் உண்ணும் சஹன் என்னும் பெருந்தட்டில் வந்தது. அறுவர் இருக்க வேண்டிய சஹனில் ஐவர் இருந்தமை பல்விழுந்த வாய்போல் தோன்றவே, ஆறாமவர் ஒருவர் கைகழுவி அமர்த்தப்பட்டு, அக்கணமே குழுவுறுப்பினரும் ஆனார். அவர் ஒரு தாய்வழிக் குடியைச் சேர்ந்தவராதலின் ஏனைக் குடியினர் முகஞ்சுளித்தனர். அவர்களை ஆற்றுதற்கு ஏழாமவர் வந்தார். ஏழாமவர்க்கு இரண்டாஞ் சஹன் வைக்க நேர்ந்தது. வைத்த சஹனை நிரப்ப எண்மர், ஒன்பதின்மர் என வளர்ந்து, பன்னிருவரானபின் சோறும் குடியும் ஒருங்கே நிறைவெய்தின. பெண்களின் கழிப்பறையைக் கருத்தில் வைத்து எழுதும் பணி இவ்வாறு பன்னிரண்டு ஆடவரிடம் சேர்ந்தது.

அப்பன்னிருவர்க்காக எழுதுகோல் பிடித்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கனகசிங்கம் மாஸ்டர். ஐம்பதாண்டாய் இத்தகைய அழைப்புக்கே காத்திருந்தவர்போல் அவர் எழுதினார். உலகத் தோற்றத்திலிருந்து தொடங்கிய முன்னுரை ஆறு பக்கம். குறிக்கோள்கள் ஐந்து பக்கம். அவற்றுள் கழிப்பறை என்னும் சொல் ஓரிடத்தும் வாராது காத்தமை அவரது புலமைக்குச் சான்று. வரக்கூடிய இடர்கள் எட்டுப் பக்கம். அவற்றுள் கட்டடத்தினுள் காட்டுயானை புகுதல் என்பதற்கே ஒன்றரைப் பக்கம். ஊரே கிளர்ந்தது. தேநீர்க்கடைகளில், “இன்டைக்கு எத்தினயாம் பக்கம்?” என்று கேட்போரும், “இருபத்தேழு தாண்டிட்டாம் மச்சான், கொழும்பில கூட இப்பிடி ஒன்டு இல்லையாம்” என்று மார்தட்டுவோரும் பெருகினர். எழுதப்படுவது எதற்கென்று கேட்டவர் எவருமிலர். ஆகிலாவின் தாள், தலைவரின் பெருந்தன்மையால், ஏழாம் பின்னிணைப்பாகக் கடைசியிற் கோக்கப்பட்டது.

நாள்கள் நழுவின. அவள் மூன்றுமுறை படியேறிப்போய்க் கேட்டாள். மூன்றாம் முறை ஹாஜியார், “பெண்கள் பதினோராண்டு பொறுத்தவர்கள், இன்னும் பதினோரு நாள் பொறுக்கலாகாதா? உடம்பை அடக்கி ஆள்வதே பண்பாடு” என்று கூறி, அதனைக் குறிக்கோள்களில் ஆறாவதாகச் சேர்க்குமாறு மாஸ்டருக்குக் கைகாட்டினார்.

கீழிறங்கி வந்தவளிடம், பக்கத்தில் மீன் விற்கும் நிலாந்தினி, ஏழு திங்கட் சூல்வயிற்றைத் தாங்கியவாறு கேட்டாள்: “என்னவாம் அக்கா?”

“அடக்கட்டாம்.”

“அவருக்கென்ன, பள்ளிக்குப் பின்னால நாலு கதவு. நீங்க கல்ல வளக்கிறீங்க, நான் புள்ளய வளக்கிறன். ரெண்டும் ஒரே நாளிலதான் வெளிய வரும்போல.”

“உன்ட புள்ளைக்குப் பேர் வெக்கலாம். என்ட கல்லுக்கு என்ன பேர்கா வெக்கிற?”

“ஹாஜியார்ர பேர வைங்க. அதுவும் இருந்த இடத்த விட்டு அசையுதில்லத்தானே!”

இருவரும் சிரித்தனர், சிரிப்பு மிகுதலும் தங்களைப் போன்றார்க்கு இடர் என்பதை உணர்ந்து, சட்டென நிறுத்திக்கொண்டனர்.

கடைசிப் புதன்கிழமை வந்தது. முந்திய அமர்வுகளில் உறுப்பினர் ஒவ்வொருவராய் நழுவியமையால் வெகுண்ட ஹாஜியார், பட்டயம் முழுதும் படிக்கப்பட்டு ஒப்பமாகும்வரை எவரும் மண்டபத்தை விட்டு நீங்கலாகாது என்று தீர்மானம் இயற்றித் தம் கையாலேயே அதைக் கதவில் ஒட்டியிருந்தார். வெயிலோ அனல். தலைமையுரைக்காகத் தொண்டையைப் பதப்படுத்தும் நோக்கோடு அவர் இரண்டு கோமாரி இளநீரும், மூன்று குவளைச் சர்பத்தும், நீரிழிவுக்காரர்க்கு இயல்பான விடாயினால் ஒரு செம்புத் தண்ணீரும் பருகியிருந்தார். நண்பகல் தொழுகைக்குப் பின் சஹன்கள் இறங்கின. விரத நாளாதலின் தனியிலையிற் சிறிதுண்டு முதலில் எழுந்த கனகசிங்கம் மாஸ்டர், பொழுதை வீணாக்க விரும்பாமல், கண்ணாடியைத் துடைத்து, உலகத் தோற்றத்தினின்று படிக்கத் தொடங்கினார். வாயிலில் றாஸிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். அவனருகே ஆகிலா நின்றாள்.

ஒரே சஹனில் இருப்போருள் ஒருவர் உண்டு முடியுமுன் மற்றவர் எழுதல் இவ்வூரில் இல்லை. தலைவரின் சஹனில் அவர்க்கு எதிரே இருந்தவர் கலந்தர் மரைக்கார். எண்பத்தோரு அகவையும் இரண்டு பற்களும் உடையவர். அவர் ஒரு கவளத்தைத் திரட்டி, அதனை வாயிலிட்டு, இடப்பக்கத்துப் பல்லுக்கும் வலப்பக்கத்துப் பல்லுக்கும் முறையே அறிமுகஞ் செய்து விழுங்குதற்குள் மாஸ்டர் ஒரு பக்கத்தை முடித்துவிடுவார்.

பன்னிரண்டாம் பக்கத்தில் யானை வந்தபோது ஹாஜியாரின் நெற்றியில் வியர்வை அரும்பிற்று. ஒரு காலை மடித்தார், மறுகாலை நீட்டினார், மீண்டும் மடித்தார்.

“காக்கா, கொஞ்சம் கெதியா...” என்று மரைக்காரை வேண்டினார், தூய தமிழ் துறந்தவராய்.

“அவசரப்படாதீங்க வாப்பா. சஹன்ல பரக்கத் இரிக்கி” என்று இறையருள் வளத்தை நினைவூட்டிவிட்டு மரைக்கார் இறைச்சித்துண்டொன்றை ஆராயலானார்.

மூன்று மணி கடந்து நாற்பது மணித்துளி ஆயிற்று. மரைக்கார் ஒருவாறு விரல்களை நக்கி முடித்தார். கைகழுவச் செம்பும் படிக்கமும் வந்தன. செம்பிலிருந்து மெல்லிய தாரையாய்ப் படிக்கத்தில் விழும் நீரின் ஒலி, பன்னிருவர் கைகளுக்கும் பன்னிருமுறை எழுந்தது. இசைகேட்டு உருகுவார் பலரைக் கண்டிருப்பீர். அன்று ஹாஜியார் உருகியதுபோல் உருகினாரைக் கண்டிருக்கமாட்டீர். கைநனைந்ததும் அவர் எழுந்து வாயிலை நோக்கி இரண்டடி வைக்க, ஓர் உறுப்பினர், “தலைவர், தீர்மானம்!” என்று கதவில் ஒட்டிய தாளைச் சுட்டினார். மண்டபம் சிரித்தது. ஹாஜியார் நின்றார். மாஸ்டர் பதின்மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார். இன்னும் இருபத்தெட்டுப் பக்கம் இருந்தன.

ஆகிலா அப்போது அவர் முகத்தைக் கண்டாள். இறுகிய தாடையும், எங்கும் நோக்காத கண்ணும், மூச்சை எண்ணியெண்ணி விடும் மூக்குமாய் இருந்த அம்முகம் அவளுக்குப் புதிதன்று. பதினோராண்டாய்ப் பிற்பகல்தோறும் அறுபது பெண்களின் தோள்கள்மேல் அவள் கண்ட முகம் அது. முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. மாஸ்டரிடம் சென்று, “தாங்க சேர்” என்று கோப்பின் கடைசித் தாளைக் கயிற்றினின்று உருவினாள். தலைவரருகே போய், வேறெவர்க்கும் கேளாத குரலில் சொன்னாள்:

“ஹாஜியார், மூணரைக்குப் பொறகு எங்களுக்கும் இப்பிடித்தான். இதில ஒப்பம் வைங்க. வெச்சா எல்லாம் முடிஞ்சி. நீங்க போகலாம்.”

இத்தனை நாளாய் ஒரு காற்புள்ளியையும் ஆராயாது விடாத அப்பெருந்தகை, அந்நான்கு வரிகளை ஒரே நோக்கில் நோக்கினார். கக்கூசு என்னும் சொல் அவர் புருவத்தை இம்முறை அசைக்கவில்லை. உலகில் இதனினும் இனிய சொல் உண்டோ என்பார்போல் அதன்மேல் ஒருகணம் கண்பதித்தார். “பேனை! பேனை!” என்று அலறினார்; மூன்று எழுதுகோல்கள் தம் பையிலேயே இருத்தலை மறந்து றாஸிக்கின் கையிலிருந்ததைப் பறித்தார்; சுவரில் தாளை வைத்து எழுதினார்; எழுதுகோலைக் காற்றில் விட்டு, படிகளை இரண்டிரண்டாய்த் தாவி, பள்ளிவாயிலை நோக்கி விரைந்தார். அறுபத்தேழு அகவையில் அவ்விரைவை அவரிடம் ஊர் எதிர்பார்த்ததில்லை. “தலைவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்” என்றார் மாஸ்டர், கண்ணாடியைக் கழற்றி. தாளைப் பறித்த றாஸிக்கின் உந்துருளி நான்கு மணிக்கு மூன்று மணித்துளி முன்னதாகத் தன் அலுவலகம் சேர்ந்தது.

இரண்டு திங்களில் கிணற்றடியில் மூன்று கதவுகள் எழுந்தன. மூன்றிலும் உள்ளே தாழிடக் கொண்டி. நிலாந்தினி ஒரு பெண்மகவைப் பெற்று நாற்பதாம் நாள் கழித்துச் சந்தைக்கு மீண்டபோது, கீரைக்குன்றின் அருகே ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல் நிற்பதையும், அது நண்பகலுக்குள் பாதியாகியிருப்பதையும் கண்டாள். “கல்லு?” என்றாள். “கரையுதாம்” என்றாள் ஆகிலா.

நாற்பத்தோரு பக்கப் பெரும்பட்டயம் பேரவையின் கண்ணாடிப் பேழையில் துயில்கிறது. அதன் முன்னறிவிப்புப் பொய்யாகாது காக்க யானை ஏதும் இன்றுவரை வரவில்லை. செம்பும் கல்லும் ஓலையும் மண்ணுட் புதைய, பேரரசுகளின் ஆணைகள் படிப்பாரற்றுக் கிடக்க, ஊரார் நாள்தோறும் திறந்தும் சாத்தியும் உறுதிசெய்யும் பட்டயமோ ஒரு கொப்பித் தாளில், நான்கு வரியில், அறநிறுவனத்திடமிருந்து மீண்டுவந்து மண்டபத்துச் சுவரிற் சட்டமிட்டுத் தொங்குகிறது. வருவோர் அதனைப் படித்துத் தலைவர் பதியுதீன் ஹாஜியாரின் துணிவை வியந்து போகின்றனர்.

அதன் அடியிலுள்ள கையொப்பம் ‘பதியு’ என்பதோடு நிற்கிறது.