ஒருமைச் சபையின் வினா ஏடு

நெல் விளைந்த நிலமெல்லாம் இரும்புக் கூரைகள் எழுந்து நிற்கும் வல்லம் வடகாலில், இரவுப் பணி முடித்தோரை இறக்கியும் பகற்பணிக்குச் செல்வோரை ஏற்றியும் ஆலைப் பேருந்துகள் ஊர்ந்து செல்லும் ஞாயிற்றுக் காலையில், இரு மதில்களுக்கு நடுவே, திருவிழாக் கூட்டத்தில் தனித்துவிட்ட குழந்தைபோல் ஒடுங்கி நின்றது ஒருமைச் சபையின் சிறு கோயில்.

கடவுள் ஒருவரே, மூவரல்லர் என்று கொண்ட அக்கிறித்தவ மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வழிபாடு முடிந்ததும் எவரும் எழுந்து போதகரை எதனையும் வினவலாம். வினாவையும் விடையையும் ஏட்டில் எழுதிப் போதகர் ஒப்பமிட வேண்டும். அன்று சபையின் நூற்றாண்டு நாளாதலின், பேழையில் பூட்டிக் கிடந்த முதல் ஏடும் மேசைமேல் விரிந்திருந்தது.

முதற்போதகரின் பெயரரும் இந்நாள் போதகருமான தேவராஜன், வளையாத முதுகோடு நின்று, தாம் எழுதிய சபை வரலாற்றைப் படித்தார். "வினவிய எவரையும் விடையின்றி அனுப்பியறியாதவர் என் பாட்டனார்." அது அவர் தந்தை சொன்னது. அதனை ஏட்டோடு ஒப்பிடுவதே தந்தையை ஐயுறுவதாகும் என்றெண்ணி, அவர் அவ்வேட்டை ஒருநாளும் புரட்டியதில்லை.

பக்கத்துத் தெருவில் அறையெடுத்துத் தங்கி ஆலையில் பணிபுரியும் முத்துச்செல்வி, வேடிக்கை பார்க்க வந்தவள், ஏட்டிலிருந்து தலைநிமிர்ந்தாள்.

"ஐயா, இதுல வேற மாதிரில்லா இருக்கு? முக்காவாசிக் கேள்விக்கு 'அறியேன்'னுதான கையெழுத்துப் போட்டிருக்காவ."

"இன்னாமே, வந்த மொத நாளே பெரியவர மடக்குற?" என்றாள் பாய் விரிக்கும் பங்கஜம். அவை சிரித்தது.

தேவராஜன் சிரிக்கவில்லை. "காட்டம்மா" என்று அருகே வந்து குனிந்தார். 'இறந்த நம் மகன் இப்போது எங்கே இருக்கிறான்?' வினவியவர், முதற்போதகரின் மனைவி சுந்தராம்பாள். கீழே, எழுத்துச் சற்றும் நடுங்காமல்: அறியேன்.

ஆறுதலுக்கேனும் ஒரு சொல்லைப் புனைந்துரைக்காத அந்தக் கையைத் தேவராஜன் அன்றுதான் முதன்முறையாகக் கண்டார்.

"அப்போ உங்கப்பா ஏன்யா அப்படிச் சொன்னாவ?" என்றாள் முத்துச்செல்வி, மெல்ல.

பங்கஜம் அவள் முன்கையைப் பற்றி இழுத்தாள். தேவராஜனோ தம் காலத்து ஏட்டை வருவித்தார். ஒவ்வொரு வினாவிற்கும் நீண்ட விடை நிரம்பிய அவ்வேட்டில் அவள் வினாவை அவள் சொன்னபடியே எழுதினார். பின் அதன் கீழே, தம் காலத்தில் முதன்முறையாக, 'அறியேன்' என்றெழுதி ஒப்பமிட்டார். வரலாற்றில் தாம் எழுதிய அவ்வரியையும் அடித்தார்.

ஒரு குடியின் பெருமை அன்று ஒரு வரி குறைந்தது. அச்சபையின் வரலாறு மெய்யாயிற்று. மை உலரும் வரை ஏட்டை மூடாமல் நின்றார் முதியவர்; அப்போதும் அவர் முதுகு வளையவில்லை.