சாவியில் அடித்த பெயர்

கோட்டைக்கு வைத்த பெயர் ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. அப்புறம் அது போய் உட்காராத இடமில்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வருஷா வருஷம் தோற்கிற பந்தாட்ட அணி, நுரையே வராத ஒரு சோப்பு, எல்லாவற்றுக்கும் அதே பெயர்தான். அந்தச் சோப்பையே பொறுத்துக்கொண்ட ஊர் அது. கோட்டைக்குள் தங்கும் ஓட்டல் திறந்தவர்களுக்கு மட்டும் பொறுக்கவில்லை. பெயரைத் தங்களுக்கென்று பதிவு செய்துகொண்டு, வேறு யாரும் தொடக்கூடாது என்று கடை கடையாக நோட்டீஸ் அனுப்பினார்கள்.

சாவிக்கடை அக்காவுக்கும் வந்தது. பதினைந்து நாளில் பலகையை இறக்க வேண்டும். சாவிகளில் பெயர் அடிக்கும் இரும்பு அச்சை ஒப்படைக்க வேண்டும். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தச் சாவியை அறுத்தாலும் அதன் தலையில் ஊர்ப்பெயரையும் 'சாவிக்கடை' என்பதையும் அடித்துத்தான் கொடுப்பாள். எங்கே தொலைந்தாலும், கண்டெடுத்தவர்கள் அந்த இரண்டு வார்த்தையை உறையில் எழுதித் தபாலில் போட, சாவி வீடு திரும்பிவிடும்.

"நமக்கெதுக்கு வம்பு? வேற பேர் வச்சுக்கயேன்," என்றார் பஸ் ஓட்டுகிற கணவர்.

"உங்க பஸ் நெத்தியில இருக்கிற பேரைக் கழட்டிட்டு ஓட்டுங்க. ஒரு ஆளாவது ஏறுறாங்களான்னு பாப்போம்."

அவர் பஸ் சாவியை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பினார்.

பதினாறாம் நாள் ஓட்டல் மேனேஜரே வந்து நின்றார். "அச்சு எங்க?"

"கையிலதான் இருக்கு. தரமாட்டேன்."

"கோர்ட்டுக்குப் போவோம்."

"தாராளமா போங்க. அதுக்கு முன்னாடி இதைப் பாருங்க." இழுப்பறையைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்தாள். ஒன்பது சாவிகள் கலகலவென்று விழுந்தன. "இந்த மாசம் தபால்ல வந்தது. எல்லாம் உங்க ரூம் சாவி. தங்க வர்றவங்க பையில போட்டுக்கிட்டுப் போயிடுறாங்க. இத்தனை நாளா நான்தான் கோட்டை மேட்டுல மூச்சு வாங்க ஏறி, உங்க வாசல்ல கொடுத்துட்டு வந்தேன். நோட்டீஸ் வந்த அன்னிக்கு நிறுத்திட்டேன்."

மேனேஜரின் முகம் மாறியது. கோட்டையின் பழைய கதவுகளுக்குச் சாவி அறுக்க அவளை விட்டால் ஆளில்லை. ஏழாம் அறை நான்கு நாளாகப் பூட்டிக் கிடந்தது, மாற்றுச்சாவியும் தொலைந்திருந்தது. கதவை உடைக்கவும் முடியாது, முன்னூறு வருஷத்துக் கதவு. ஏழு என்று எழுதிய சாவி அந்தக் குவியலில் மேலேயே கிடந்தது. கையை நீட்டினார்.

அக்கா உள்ளங்கையால் மூடினாள். "எந்தக் கடைக்கு வந்திருக்கீங்க?"

"சாவிக்கடைக்கு."

"எந்தச் சாவிக்கடை?"

எதிர்க்கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். மேனேஜர் ஊர்ப்பெயரை முணுமுணுத்தார்.

"காதுல விழலயே."

இந்த முறை தெருவுக்கே கேட்டது. அக்காவுக்கு வயிறு குளிர்ந்தது. சாவியைக் கொடுத்தாள். கையோடு ஏழாம் அறைக்கு மாற்றுச்சாவி ஒன்றையும் அறுத்து, பட்டறைக்கல்லில் வைத்து, அச்சை நிறுத்தி, வழக்கத்தைவிட ஓங்கி அடித்தாள்.

"இதுலயும் பேர் இருக்கு. வேண்டாம்னா அரம் இருக்கு, ராவித் தரேன்."

மேனேஜர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருக்கட்டும்," என்று சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.