கை தூக்கியவர்கள் விலை பேசுவதில்லை

இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் இருக்கும் மனைவியின் விலை, 1993ஆம் ஆண்டு டொராண்டோவில், வரிகள் உட்பட நூற்றுப் பதினெட்டு டொலர். டோர்செட் பார்க்கில் துணிக்கடை வைத்திருந்த அருள்நாயகம் அந்த விலைக்குத்தான் அவளைக் கொடுத்தார். பதிலுக்குக் கிடைத்தது ஒரு பழைய பட்டாளத் துவக்கு, திறீ நொட் திறீ. நுனிவரை மரம் போர்த்த முழு நீளம், கைக்குழந்தையின் பாரம், உலக யுத்தக் காலத்தில் இதே நகரத்தின் மேற்கே ஏரிக்கரையில் செய்தது. குறிபார்க்கக் கண்ணாடிக் குழாய் கிடையாது; கண்ணுக்கருகே இரும்பில் ஒரு துளை, வாய்ப்பக்கம் இரும்பில் ஒரு முள், அவ்வளவுதான். பதினாறு வயதில் கல்லூரி மாணவர் படையான கடேற் அணியில் இப்படி ஒன்றைத் தோளில் சாத்திக்கொண்டு நடந்த நாளிலிருந்து அவருக்கு அதன்மேல் ஆசை. பிறகு நாட்டில் எல்லாத் திசையிலிருந்தும் துவக்குகள் வந்தன, இவர் ஓடிவந்தார். ஆசையும் விசா இல்லாமல் கூடவே வந்துவிட்டது. துவக்குக்குப் பயந்து வந்தேன் என்று அகதி மனுவில் எழுதிய மனிதர், அனுமதிப் பத்திரம் எடுத்து, வரிசையில் நின்று துவக்கு வாங்கினார் என்பதை எந்த முகத்தோடு சொல்வது? ஆகவே அதை யன்னல் சீலைக் கம்பி வந்த நீளப் பெட்டிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

பெட்டியோடு அவர் வாசலைத் தாண்டியதும், அடுப்படியில் நின்ற வேரோனிக்காவின் கைகள் இரண்டும் தலைக்கு மேலே போயின.

“உது யன்னல் சீலைக் கம்பியப்பா,” என்றார்.

“கம்பியெண்டாக் கம்பிதான். கையை இறக்கேலாமக் கிடக்கு. அடுப்பை நிப்பாட்டுங்கோ, கறி அடிப்பிடிக்குது.”

அவர் வெளியே போனால் கைகள் இறங்கின, உள்ளே வந்தால் ஏறின. பெட்டியை நிலக்கீழ் அறையில் பூட்டி வைத்தும் கணக்கு மாறவில்லை. அடுத்த நாள் கடையைத் திறந்தபோது, விசயம் வீட்டோடு நிற்கவில்லை என்று தெரிந்தது. ஊரில் சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்த எல்லாரும் அவர் முன்னால் வந்தவுடன் கைகளைத் தூக்கினார்கள். இங்கே பிறந்தவர்களும் வெள்ளைக்காரரும் தூக்கவில்லை. ஞாயிறு பூசையில் மட்டும் தொல்லை இருக்கவில்லை. தூக்கிய கைகளைக் கண்டு, அவர் இருந்த வாங்கு வரிசைக்கு இந்த வருசம் பக்தி கூடிவிட்டது என்று சுவாமியார் நினைத்துக்கொண்டார். பிறகு அருள்நாயகம் பூசையை விட்டுவிட்டு, நகரத்துக்கு வடக்கே இருந்த சுடுகளத்துக்குப் போகத் தொடங்கினார். அங்கே துளைக்குள்ளால் முள்ளைப் பார்த்து, முள்ளைக் கடுதாசி வட்டத்தின் அடியில் இருத்தி, மூச்சைப் பாதியில் நிறுத்தும்போது, உலகத்தில் கடனோ குளிரோ மனைவியின் கைகளோ இல்லாமல் போயின.

கடையைப் பற்றிய உண்மையையும் எழுதத்தான் வேண்டும். சேலை வாங்க வருபவருக்கு விலை பேசக் கை வேண்டும்: துணியைக் கசக்கிப் பார்க்க, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தள்ளிவிட, போறன் என்று பையைத் தூக்க. கைகள் மேலே நின்றால் ஒன்றும் நடக்காது. சொன்ன விலைக்கே எல்லாரும் வாங்கினார்கள். இதை அருள்நாயகம் இரண்டாம் நாளே கவனித்தார். மூன்றாம் நாள் விலைச் சீட்டுகளை மாற்றினார். அந்தத் தீபாவளிக்கு அவர் பார்த்த லாபம் அந்தத் தெருவில் வேறெவரும் பார்க்காதது. வோபர்னிலிருந்து பேருந்தில் வந்த கிளடிஸ் அன்ரி, மருமகளுக்கு ஒரு காஞ்சிபுரத்தைக் கண்ணாலேயே காட்டிவிட்டு, தூக்கிய கைகளோடு நின்றார்.

“தம்பி, காசு பேர்சுக்குள்ள. நீங்களே எடுங்கோ.”

எடுத்தார்.

“அங்கையும் உப்பிடித்தான் எடுத்தவங்கள்,” என்றார் கிளடிஸ் அன்ரி, வெயில் குளிர் பற்றிச் சொல்வதுபோல. “மிச்சம் தரேல்லை. நீங்கள் தருவியள்தானே?”

மிச்சத்தைச் சரியாக எண்ணிப் பேர்சுக்குள் வைத்தார். காது மடல்கள் எரிந்தன. ஆனால் விலைச் சீட்டுகளைத் திருப்பி மாற்றவில்லை, துவக்கையும் விற்கவில்லை. வேரோனிக்கா அவர் படுத்த பிறகே சாப்பிட்டு வந்தாள்.

மகள் ஸ்டெபனி ஸ்காபரோவில் பிறந்தவள், சோதனைச் சாவடியைப் படத்தில்கூடக் காணாதவள். அவள் கைகள் கீழேயே இருந்தன. அதை அருள்நாயகம் தனக்குச் சாதகமான சாட்சியாக வைத்திருந்தார். 1995 மாரியில் ஒரு பின்னேரம், துவக்கின் மரத்துக்கு எண்ணெய் பூசிவிட்டு, உள்ளங்கை மணக்க மேலே வந்தார். படம் கீறிக்கொண்டிருந்த ஆறு வயதுப் பிள்ளையின் கையிலிருந்து வர்ணக் கட்டிகள் உருண்டன. இரண்டு கைகளும் மேலே போயின.

“அப்பா, ஐ டிடின்ட் டூ எனிதிங்,” என்றாள். “நான் ஒண்டும் செய்யேல்லை.”

அந்த இரவே பொலிசுக்குப் போன் எடுத்தார். சீருடையில் இருவர் வந்து, நல்ல சாமான் என்று மெச்சி, துவக்கைத் தோளில் சாத்திக்கொண்டு வேரோனிக்காவுக்கு முன்னாலேயே நடந்து போனார்கள். அவர்கள் பக்கம் திரும்பியவளின் கைகள் சாவகாசமாக இறங்கின; அவர்களுக்குக் கதவையும் திறந்துவிட்டாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் புருசனைக் கண்டதும் அவை மறுபடி ஏறின. துவக்கைப் பார்த்து எவரும் கை தூக்கவில்லை என்பது அருள்நாயகத்துக்கு அப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு அவர் முகம் கழுவப் போய், கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பி வந்தார்.

ஆசையைப் பொலிசில் ஒப்படைக்க முடியாது. அது தேயத் தேயத்தான் கைகள் இறங்கின, அதுவும் அங்குலம் அங்குலமாக. 1997இல் கிளடிஸ் அன்ரி ஒரு நைலெக்ஸ் சேலையைக் கசக்கிப் பார்த்து, “உதுக்கு உவ்வளவோ?” என்று தள்ளிவிட்டபோது, அருள்நாயகம் கல்லாவின் பின்னால் குனிந்து கண்ணைத் துடைத்தார். மறுவருசம் வேரோனிக்கா அவருக்கு எதிரே இருந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டாள். இன்னும் சில வேளைகளில், தளபாடக் கடையில் எண்ணெய் பூசிய மரத்தைத் தாண்டும்போது, அவருடைய ஒரு கண் தானாகச் சுருங்கும். ஸ்டெபனி, அப்பா இல்லாத இடத்திலும் இறங்காத இடது கையைத் தூக்கியபடியே ஐந்தாம் வகுப்புக்குப் போய்வருகிறாள். எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்த பிள்ளை என்று ரீச்சர் அவளைத்தான் முதலில் கேட்கிறார். அவளும் படித்துவைத்துச் சொல்லிவிடுகிறாள். குளிருக்கு அந்தக் கைக்கான உறையை மட்டும் தாய் தடிப்பாகப் பின்னிக் கொடுத்திருக்கிறாள்.

1999 முடிவில் கணக்கு இப்படி நிற்கிறது: கிளடிஸ் அன்ரியின் கைகள் இரண்டு, வரவு. வேரோனிக்காவின் கைகள் இரண்டு, வரவு. ஸ்டெபனியின் வலது கை, வரவு. இடது கை, பாக்கி.