புற்றோரம் ஒரு சிப்ஸ்

கெட்டிலில் கொதித்த தண்ணீரைப் புற்றின் நடுவே கவிழ்த்துவிட்டு, எறும்புகள் காலில் ஏறுவதற்குள் எலோடி பின்னால் தாவினாள். தாவியும் பயனில்லை. கணுக்காலில் சுரீரென்றது. நாளை அங்கே வெள்ளையாகச் சீழ்க்கொப்புளம் வரும்.

"அதுங்க குளிக்க வெந்நீரா?" வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு யூலா கேட்டாள். "போன வாரம் சோள ரவை போட்டு விருந்து வச்சே. அடுத்து என்ன, தலை துவட்டத் துண்டா?"

"ரவையத் தின்னு தண்ணி குடிச்சா வயிறு ஊதி வெடிச்சிரும்னு எங்கம்மா சொல்வாங்க, யூலாக்கா."

"இந்த லூசியானாவுல எல்லா அம்மாவும்தான் சொன்னாங்க. ஒரு எறும்பு வெடிச்சு எவளாவது பாத்தாளா? உன் ரவையத் தின்னு அதுங்க நல்லாக் கொழுத்திருக்கு. பேசாம நோலனுக்கு ஒரு போன் போடு."

"போட மாட்டேன்."

"ஈஸ்டருக்கு உன் தங்கச்சி பசங்க ஒளிச்சு வச்ச சாய முட்டையத் தேடி வெறுங்கால்ல ஓடுவாங்க. அப்பவும் உன் வீம்புதான் வந்து காப்பாத்துமா?"

எலோடி காலிக் கெட்டிலோடு வீட்டுப் பக்கம் நடந்தாள். வருடாவருடம் நெருப்பெறும்புகளை விரட்டுவது அவள் கணவன் நோலனின் வேலை. கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் இரண்டு வாரம், வீட்டில் இரண்டு வாரம் என்று ஓடிய வாழ்க்கையை இந்த வருடத்தோடு முடித்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தான். பிறகு அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். "அப்ப கடல்லயே இரு. நடுவுல நடுவுல இங்க வராத" என்று அவள் கத்தினாள். அவன் வரவில்லை. கரைக்கு வரும் நாட்களில் கால்வாய் ஓரமாகக் கொஞ்ச தூரம் தள்ளி, தன் அண்ணன் வீட்டில் தங்குகிறான் என்று யூலாதான் சொன்னாள்.

சொன்ன சொல்லை இப்படி அட்சரம் பிசகாமல் கேட்பான் என்று அவள் நினைத்திருந்தால் சொல்லியிருப்பாளா? காலையில் காபி போடும்போது கை தானாக இரண்டு கோப்பைகளை எடுத்தது. ஒன்றைத் திரும்ப வைப்பதுதான் அந்த நாளின் முதல் கஷ்டம்.

ஊரே இறைச்சி தொடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மாலை முழுவதும் அவளுக்குத் தேவாலயத்தில் மீன் பொரிக்கும் வேலை. வெந்நீர் ஊற்றிய அன்றும் உடம்பெல்லாம் எண்ணெய் வாடையோடு திரும்பியவள், கொல்லையில் எதையோ பார்த்து நின்றாள். அத்திமரத்தடியில் ஒரு புதுப் புற்று. வெந்நீருக்குத் தப்பி, ராணியைத் தூக்கிக்கொண்டு அங்கே குடிபோயிருந்தன. அதன் ஓரமாகப் புல்லின்மேல் ஒரு உருளைக்கிழங்கு சிப்ஸ். சற்றுத் தள்ளி இன்னொன்று.

மருந்து தூவும் முன் நோலன் இப்படித்தான் சிப்ஸ் வைத்துப் பார்ப்பான். எறும்பு மொய்த்தால் அவை இரை தேடுகின்றன என்று பொருள். மருந்தையும் இழுத்துப் போகும். மொய்க்காவிட்டால் தூவுவது வீண்.

சிப்ஸில் ஒரு எறும்பும் இல்லை. காலையில் அவள் ஊற்றிய வெந்நீரில் கலங்கிப்போய் எதுவும் வெளியே வரவில்லை. பின்வாசல் படியில் வெள்ளையாகத் தூள் சிந்திக் கிடந்தது. குனிந்து முகர்ந்தாள். குழந்தைப் பவுடர். எறும்பு வழுக்கி விழட்டும் என்று பூட்ஸ் முழுக்க அவன் பூசிக்கொள்ளும் பவுடர். விரலில் ஒட்டியதைக் கழுவ மனமில்லாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எறும்புகள் அமைதியானால் மறுபடி வருவான், அவள் வீட்டில் இல்லாத வெள்ளி மாலையில்.

அந்த வாரம் அவள் கொல்லைப் பக்கம் காலே வைக்கவில்லை. கெட்டிலைத் தேநீருக்கு மட்டும் எடுத்தாள். புல்லுக்குத் தண்ணீர் விடவில்லை. ஈரத்தில் மருந்து கெட்டுவிடும். ஒன்றும் செய்யாமல் இருப்பது இத்தனை பாடாக இருக்குமென்று அவளுக்குத் தெரியாது.

அடுத்த வெள்ளி, காரை யூலா வீட்டுக்குப் பின்னால் மறைவாக நிறுத்திவிட்டு, மீன் வேலையை யூலா தலையில் கட்டினாள். பொழுது சாயும் நேரத்தில் நோலனின் பழைய வண்டி வந்தது. பூட்ஸெல்லாம் பவுடராக, கையில் சிப்ஸ் பொட்டலத்தோடு கொல்லைக்குள் வந்தவன் படியில் அவளைப் பார்த்ததும் நின்றான்.

"மீன் பொரிக்கப் போகலையா?"

"போகல."

"காரைக் காணோமேன்னு..."

"தெரியும். அதுக்குத்தான் யூலாக்கா வீட்டுப் பின்னால நிறுத்தினேன்."

கழுத்தைச் சொறிந்துகொண்டான். இளைத்திருந்தான். புற்றோரம் சிப்ஸ் வைத்துவிட்டு, படியின் மறுகோடியில் உட்கார்ந்தான். இருவரும் அதையே பார்த்தார்கள். முதலில் ஒரு எறும்பு. பிறகு சிப்ஸே தெரியாமல் சிவந்தது.

"வெந்நி ஊத்தினியா?"

"ஊத்தினேன்."

"ஊத்துனா போயிடும் எலோடி. எடத்த மாத்திக்கும், அவ்ளோதான்."

"ஒரு தடவ ஊத்தினதுக்கே போயிடணுமா?" அவள் அவன் பக்கம் திரும்பினாள். "நான் சொல்றதையெல்லாம் கேக்கிற ஆளா நீ? வேலைய விடுன்னு வருஷக்கணக்கா சொன்னேனே, அத கேட்டியா? இத மட்டும் கேட்டுட்டே."

நோலன் எழுந்து வண்டியிலிருந்து மருந்தும் அதைத் தூவும் கைமிஷினும் எடுத்துவந்து தூவத் தொடங்கினான். கைமிஷினின் பிடியைச் சுற்றியபடி வேலியோரம் போய்த் திரும்பி வந்தவன் மெதுவாகச் சொன்னான். "கேக்காம கையெழுத்துப் போட்டது தப்புதான். ஆனா போட்டாச்சு. திங்கக்கிழமை கடலுக்குப் போகணும்."

"தெரியும்."

"ஈஸ்டருக்குள்ள இதுங்க அடங்கிடும். அடங்குச்சான்னு யாராவது வந்து பாக்கணும்."

"எனக்குப் பாக்கத் தெரியாது" என்றாள் எலோடி. "சாப்பிட்டியா?"

அவன் தன் பூட்ஸைப் பார்த்தான். "வீட்டுக்குள்ளெல்லாம் பவுடராகும்."

"ஆகட்டும்."

திங்கட்கிழமை அவன் போன பிறகு அவள் வீட்டைப் பெருக்கினாள். மேசையடியிலிருந்து கதவு வரை போயிருந்த வெள்ளைத் தடங்களுக்கு முன் துடைப்பம் நின்றது. அவற்றைச் சுற்றிப் பெருக்கிவிட்டு, ஈஸ்டருக்கு முட்டைகளுக்குச் சாயம் வாங்கக் கிளம்பினாள்.